எழுவைதீவுக்குப் போன பிழை அட்டை

யாக்கோப்பின் வலது கையில் மூன்று விரல்கள் மாவாகியிருந்தன. மற்ற இரண்டிலும் ஒரு கீறல்கூட இல்லை.

ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியின் பின் அறையில், சீமெந்து மேசையின்மேல் அவரைக் கிடத்தியிருந்தார்கள். ஞாயிறு பின்னேரம் கடற்கரைத் தாழம்பற்றைக்குள் கண்டெடுத்த உடல் அது. பின்மண்டை பிளந்திருந்தது. ஒரே அடி. உயிர் அதிலேயே போய்விட்டது. அதற்குப் பிறகுதான் யாரோ ஆற அமரக் குந்தியிருந்து, செத்தவரின் கையைக் கல்லின்மேல் விரித்து, இன்னொரு கல்லால் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் என்று ஒவ்வொன்றாக இடித்திருக்கிறான்.

"குடிச்சுப்போட்டு அடிபட்டிருப்பினம் எண்டு ஊர்ச்சனம் கதைக்குது," என்றான் லியோன். "குடிகாரனுக்கு ஒரு கை ரெண்டாத் தெரியும், அண்ணை. அவன் எங்கை விரல் எண்ணப்போறான்?"

துப்பறியும் குகநாதன் குனிந்து அந்த விரல்களைப் பார்த்தார். யாழ்ப்பாணப் பட்டினத்தில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்துப் பத்து வருடமாக மற்றவர்களின் பொய்களைத் தேடிப் பிழைக்கும் நெட்டை மனிதர் அவர். ஊர்காவற்றுறையில் பிறந்த லியோன் அவருடைய உதவியாளன். மோட்டார் சைக்கிளும் வாயும் அவன் பொறுப்பு.

குகநாதன் மேசைக்கு அப்பால் நின்ற பெண்ணைப் பார்த்தார். தந்தி அடித்து அவர்களை வரவழைத்தவள் அவள்தான். யாக்கோப்பின் ஒரே மகள் ஞானசவுந்தரி. இருபத்தாறு வயது, பள்ளிக்கூடத்து ரீச்சர். கண்ணில் ஈரம் இல்லை. ஆனால் சேலைத் தலைப்பை அவள் முறுக்கிய முறுக்கில் நூல் பிரிந்திருந்தது.

"தங்கச்சி, உம்மடை அப்பு எந்தக் கையாலை எழுதுறவர்?"

"அப்பு எழுதமாட்டார். எழுத்து வாசிப்புத் தெரியாது. பெருவிரலை மையிலை தோய்ச்சு அமத்துவார். அவ்வளவுதான்."

குகநாதன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து எழுதுவதுபோலப் பிடித்தார். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல். பிறகு அதை மெல்ல வைத்தார்.

"எழுதத் தெரியாத மனிசன்ரை, பேனை பிடிக்கிற விரலாப் பாத்து ஒருத்தன் உடைச்சிருக்கிறான். இவர் ஏதோ எழுதிப்போட்டார் எண்டு அவனுக்குக் கோவம். இந்த வீட்டிலை எழுதினது ஆர்?"

அவள் அந்தக் கையைப் பார்த்தபடி சொன்னாள். "நான்."

"என்ன எழுதினனீர்?"

"ஒரு புத்தகம். ஒன்பது வருசத்துக்கு முன்னம், அறுபத்தெட்டிலை, ஏழு பேரை ஏத்திக்கொண்டு இந்தியாவுக்கு எண்டு ஒரு கள்ள வள்ளம் போனது. நடுக்கடலிலை ஆறு பேரை ஒருத்தன் அடிச்சுத் தள்ளிப்போட்டான், மடியிலை கட்டியிருந்த நகைக்காக. ஏழாவது ஆளை அப்புதான் கடலிலையிருந்து தூக்கிக்கொண்டு வந்தவர். விசுவாசம் எண்டு பேர். எங்கடை வீட்டிலை ஒரு கிழமை கிடந்து செத்துப்போனார். அந்த ஒரு கிழமையும் அவர் சொன்னதை நான் கொப்பியிலை எழுதிவைச்சனான்."

"அடிச்சவன் ஆர்?"

"அவருக்குப் பேர் தெரியாது. குரல் மட்டும் தெரியும். வள்ளத்தின்ரை பேர் தெரியும். அல்போன்சம்மா."

"நீர்தான் எழுதினது எண்டு ஆருக்குத் தெரியும்?"

"அப்புவுக்கு. அச்சகத்துச் சிவகுரு அண்ணைக்கு. நூல்நிலையத்து அன்னபூரணம் அக்காவுக்கு."

குகநாதன் யாக்கோப்பின் கையைத் துணியால் மூடினார்.

"அப்ப கொலைகாரனுக்குப் புத்தகம் வரப்போறது தெரியும். எழுதினது ஆர் எண்டது மட்டும் பிழையாத் தெரியும். எங்கையோ ஒரு இடத்திலை உம்மடை அப்புவை எழுத்தாளர் எண்டு பதிஞ்சு கிடக்கு. அந்த இடத்தை நாங்கள் கண்டுபிடிக்கவேணும். அவன் தன்ரை பிழையைக் கண்டுபிடிக்க முன்னம்."

ஞானசவுந்தரி தன் வலது கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

*

தீவக நூல்நிலையத்தில் அன்னபூரணம் காதுக்கு மேலே பென்சில் செருகியபடி இருந்தாள். நாற்பது வயது. அவள் எதிரில் இருமக்கூடப் பயப்படுவார்கள். ஞானசவுந்தரியைக் கண்டதும் எழுந்து வந்து தோளில் கைவைத்தாள். பேசத் தெரியாமல் உடனே எடுத்துவிட்டாள்.

"புத்தகம் இன்னும் அச்சாகேல்லை," என்றார் குகநாதன். "ஆனா எங்கையோ ஒருத்தன் அதைப்பற்றி அறிஞ்சிருக்கிறான். எப்படி?"

"என்னாலை," என்றாள் அன்னபூரணம்.

மேசைக்குப் பக்கத்தில் இருந்த நீளமான இழுப்பறைப் பெட்டியை இழுத்தாள். உள்ளே நூற்றுக்கணக்கான அட்டைகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு துளை. எல்லாத் துளைகளையும் கோத்துக்கொண்டு ஒரு முழ நீளத்தில் ஓர் இரும்புக் கம்பி. முன்பக்கத்துத் திருகாணியை அவள் கழற்றிக் கம்பியை உருவினாள். அதன் நுனி பென்சில்போலச் சீவப்பட்டிருந்தது.

"ஒரு கையாலை இந்தக் காட் அட்டை எல்லாத்தையும் நெருக்கிப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையாலை உருவவேணும். இல்லாட்டி எல்லாம் சரிஞ்சிடும்," என்றபடி ஓர் அட்டையை எடுத்தாள். "கொழும்பிலை படிக்கப் போன இடத்திலை பழகினது. புத்தகம் அச்சேற முன்னம் அச்சகம் எனக்கு ஒரு விபரத்தாள் தரும். எழுதினவர் ஆர், தலைப்பு என்ன, எதைப்பற்றி எண்டு. நான் வகுப்பு எண் போட்டுக் குடுப்பன். புத்தகத்தின்ரை முதற்பக்கத்துக்குப் பின்னாலை அதை அப்படியே அச்சடிப்பினம். அதோடை தீவுகளிலை இருக்கிற ஏழு வாசிகசாலைக்கும் காட் அடிச்சு அனுப்புவன். புத்தகம் போக முதலே காட் போயிடும். வேணுமெண்டவை சொல்லிவைக்கலாம்."

"பிள்ளை பிறக்க முதல் சாதகம்," என்றான் லியோன்.

"சாதகத்திலை பிழை வரும், தம்பி. என்ரை காட்டிலை வராது." அவள் குரல் தடுமாறியது. "இந்த ஒருக்காலைத் தவிர."

அச்சகத்து ஒப்பந்தத்தில் ஞானசவுந்தரி கையெழுத்து வைத்தது போதாது, கலியாணம் கட்டாத பிள்ளை, தகப்பனும் வைக்கவேணும் என்று சிவகுரு கேட்டிருந்தார். யாக்கோப்பு பெருவிரலை அழுத்தினார். விபரத்தாளை நிரப்பிய எழுதுவினைஞர் ஒப்பந்தத்தைத் திறந்து, முதலில் கண்ட பெயரை எழுத்தாளர் என்ற இடத்தில் எழுதிவிட்டார்.

"எழுவைதீவுக்குத் தபால் வள்ளம் செவ்வாயும் வெள்ளியும்தான். அதனாலை வெள்ளிக்கிழமை காலமை அந்த ஒரு காட்டை மட்டும் முதல்லை அடிச்சு அனுப்பிப்போட்டன். மத்தியானம் பிழை பாக்கிறதுக்குப் புத்தகத்தின்ரை புரூஃப் வந்தது. அதிலை பிள்ளையின்ரை பேர் கிடந்தது; இவதான் எழுதினது எண்டு எனக்கே அப்பதான் தெரியும். மற்ற ஆறு காட்டையும் சரியா அடிச்சனான்."

கார்பன் பிரதியை அவள் நீட்டினாள்.

யாக்கோப்பு. ஊர்காவற்றுறை.
ஏழு பேர் ஏறிய வள்ளம். 1977. பக். 144.
1. கொலை — பாக்குநீரிணை — 1968.
2. அல்போன்சம்மா (வள்ளம்).

"ஏழு பெட்டியிலை ஒரு பெட்டிக்குள்ளை மட்டும் பிழைப் பேர்," என்றார் குகநாதன். "வெள்ளிக்கிழமை காட் எழுவைதீவுக்குப் போச்சு. ஞாயிற்றுக்கிழமை யாக்கோப்பு செத்துப்போனார். கொலைகாரன் அந்தப் பெட்டியைத் திறந்தவன். லியோன், எழுவைதீவிலை எத்தினை பேர் வாசிகசாலைக்குப் போறவை?"

"மழைக்கு ஒதுங்கிற ஆடுகளையும் சேர்த்தோ, அண்ணை?"

அன்னபூரணம் சிரிக்கவில்லை. அவள் முகம் சுண்ணாம்பு நிறமாகியிருந்தது.

"இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை," என்றாள். "திருத்தின காட்டைப் பொதியாக் கட்டி ஒன்பது மணி வள்ளத்திலை அனுப்பிப்போட்டன். பழைய காட்டைத் திருப்பி அனுப்பச் சொல்லித் துண்டும் வைச்சனான். அதுதான் முறை."

சுவர் மணிக்கூட்டில் பத்தரை.

*

வாடகைக்குப் பிடித்த மோட்டர் வள்ளம் எழுவைதீவை நோக்கிப் பாய்ந்தது. கடல் பச்சைக் கண்ணாடியாக இருந்தது. அடியில் பாசிகள் தலைமுடிபோல ஆடுவது தெரிந்தது. இவ்வளவு அழகான தண்ணீருக்குள் ஆறு பேரைத் தள்ள ஒருவனுக்கு எப்படி மனம் வந்தது?

லியோன் வள்ளத்தின் விளிம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

"நீர் கடற்காரன்ரை மகனெல்லே?"

"கடல் ஒத்துவந்தால் நான் ஏன், அண்ணை, உங்களோடை வந்து சேருறன்?"

குகநாதன் அன்னபூரணம் தந்த புரூஃப் தாள்களைப் புரட்டினார். ஞானசவுந்தரியின் எழுத்தில் ஆரவாரமே இல்லை. அதனால் இன்னும் பயங்கரமாக இருந்தது.

'இன்னொரு வள்ளத்துக்கு மாறவேண்டும், பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராகப் பின்னுக்கு வாருங்கள் என்று அந்தக் குரல் சொன்னது. எங்களைப் பாய்க்குக் கீழே இருத்தியிருந்தான். ரோச் வெளிச்சத்தில் கடதாசியைப் பார்த்துப் பெயரை வாசித்தான். அருளப்பு. ஒரு சத்தம், தேங்காய் விழுந்ததுபோல. இராசம்மா. அதே சத்தம். கந்தையா. செல்லத்துரை. பொன்னம்பலம். மரியாம்பிள்ளை போனபோது பாயை விலக்கிப் பார்த்தேன். துடுப்பு இறங்கியதைக் கண்டேன். என் பெயரைக் கூப்பிடுவதற்கு முன் கடலில் குதித்தேன்.'

"விசுவாசம் கடைசி," என்று முணுமுணுத்தார் குகநாதன். ஏதோ ஒன்று மனத்தின் ஓரத்தில் உரசியது. என்னவென்று பிடிபடவில்லை.

*

வாசிகசாலை ஒற்றை அறைதான். ஆனால் அப்படி ஓர் ஒழுங்கை லியோன் கோயிலில்கூடக் கண்டதில்லை. பத்திரிகைகள் ஓரம் பிசகாமல் அடுக்கியிருந்தன. மேசையில் ஆறு பென்சில்கள், உயரப்படி. காரியதரிசி வாமதேவன் மாஸ்ரர், இளைப்பாறிய ஆசிரியர், மெல்லிய தங்கவிளிம்புக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வரவேற்றார்.

"பொதி வந்ததோ, மாஸ்ரர்?" என்று கேட்டார் குகநாதன்.

"வந்தது. வந்த கையோடை போயிட்டுது." மாஸ்ரரின் குரல் நடுங்கியது. "மேசையிலை வைச்சிட்டு முகம் கழுவப் போனனான். திரும்பி வர, வள்ளம் வலை வைச்சிருக்கிற பிலிப்புச் சம்மாட்டி நிக்கிறான். பொதியைப் பிரிச்சு, பெட்டியைத் திறந்து, பழைய காட்டையும் புதுக் காட்டையும் எடுத்துக்கொண்டு போட்டான். என்னாலை என்ன செய்ய ஏலும்? அவன்ரை வள்ளத்தின்ரை பேரெல்லே காட்டிலை கிடந்தது. வெள்ளிக்கிழமையும் வந்து அதைப் பாத்திட்டுத்தான் போனவன்."

"அல்போன்சம்மா பிலிப்புவின்ரை வள்ளமோ?"

"அவன்ரை தாயின்ரை பேர் அது. அறுபத்தெட்டிலை களவு போட்டுது எண்டு சொன்னான். நாங்களும் நம்பினம்."

லியோன் ஒரு பென்சிலை எடுத்துக் காதைக் குடைந்துவிட்டு மேசையில் எறிந்தான். மாஸ்ரர் பேச்சை நிறுத்தாமலே அதைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

குகநாதன் அட்டைப் பெட்டியை இழுத்தார். 'யா' வரிசையைப் புரட்டினார். யாக்கோப்பு இல்லை.

"சம்மாட்டி எங்கை?"

"வடக்குக் கரை மீன்வாடியிலை. கவனம், பிள்ளையள். அடிக்கக் கை நீளம் அவனுக்கு."

*

பிலிப்புச் சம்மாட்டி வாடி வாசலில் வலைக் குவியலின்மேல் இருந்தார். மலைபோல ஆள். வெயிலிலும் ஒரு சால்வையை வலது தோளிலிருந்து தொங்கவிட்டிருந்தார்.

"யாக்கோப்பைக் கொலை செய்தது நீர்தானே?" என்று லியோன் சால்வையைப் பிடித்தான். அதுதான் பிழை.

இடது கை முகத்தில் இறங்கியது. லியோனின் உதடு இரண்டாகப் பிளந்து இரத்தம் சட்டையில் தெறித்தது. எழும்புவதற்குள் சம்மாட்டி அவனை இடுப்பில் தூக்கி வாடிக் கம்பத்தில் அடித்தார். கம்பம் முறிந்தது. ஓலைக் கூரை பாதி சரிந்தது. லியோன் கையில் அகப்பட்ட நங்கூரக் கயிற்றைச் சம்மாட்டியின் கழுத்தில் சுற்றி இழுத்தான். இருவரும் மணலில் உருண்டார்கள். லியோனின் தொண்டையில் சம்மாட்டியின் முழங்கால் ஏறியது. அவன் கண்கள் பிதுங்கின.

"வலக்கையை ஏன் பாவிக்கேல்லை?" என்று கத்தினார் குகநாதன்.

சம்மாட்டி நின்றார். மூச்சு வாங்க, சால்வையை உதறினார்.

வலது கையில் பெருவிரல் மட்டும் இருந்தது. மற்ற இடமெல்லாம் வழுவழுத்த தசை.

"மீனுக்கு டைனமைற் எறிஞ்சனான். அது என்ரை கையிலை வெடிச்சது. அறுபத்தெட்டு மாசி மாசம். ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியிலை கிடந்தனான். போதுமோ?"

குகநாதன் மணலிலேயே குந்திவிட்டார். ஒரு கையால் அட்டைகளை நெருக்கிப் பிடித்து மறு கையால் கம்பியை உருவவேண்டும். செத்தவனின் விரலை விரித்துப் பிடித்து மறு கையால் கல்லை இறக்கவேண்டும். இரண்டுக்கும் இரண்டு கை வேண்டும்.

"இண்டைக்கு வாசிகசாலைக்குப் போனனீரோ?"

"போனனான். என்ரை அம்மாவின்ரை பேரைக் கொலைக் கதையிலை போட்டிருக்கு எண்டு கேள்விப்பட்டுக் கேக்கப் போனனான். பொதி கட்டினபடி மேசையிலை கிடந்தது. நான் தொடேல்லை."

"நீர் ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை வள்ளத்தை ஆரிட்டை குடுத்தனீர்?"

"வாசிகசாலை வாத்தியாரிட்டைத்தான். எனக்குக் கடிதம், ஆக்களின்ரை பேர்ப்பட்டியல் எல்லாம் அவர்தானே எழுதுறவர். களவு போட்டுது எண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து, பாவம், அழுதவர்."

குகநாதன் ஓடத் தொடங்கினார்.

வாசிகசாலை பூட்டியிருந்தது. லியோன் மூன்று உதையில் கதவைத் திறந்தான். குகநாதன் பெட்டியை இழுத்தார். இந்தமுறை 'யா' வரிசைக்குப் போகவில்லை. 'ஞா' வரிசையைப் பிரித்தார்.

புத்தம்புதிய அட்டை, சரியான இடத்தில், கம்பியில் கோத்து, திருகாணி இறுக்கி இருந்தது. ஞானசவுந்தரி, யாக்கோப்பு மகள்.

"விசரனோ அவன்?" என்றான் லியோன், இரத்தத்தைத் துப்பிவிட்டு. "பிலிப்பு எடுத்துக்கொண்டு போட்டான் எண்டு சொன்ன காட்டை ஏன் ஒளிக்காமல் இஞ்சை வைச்சவன்?"

"ஒளிக்க அவனாலை ஏலாது. ஒரு பென்சில் இடம் மாறினாலே தாங்கமாட்டான். கண்டனீர்தானே?" குகநாதன் புரூஃப் தாளை விரித்தார். "அருளப்பு, இராசம்மா, கந்தையா, செல்லத்துரை, பொன்னம்பலம், மரியாம்பிள்ளை, விசுவாசம். அ, இ, க, செ, பொ, ம, வி. அகரவரிசை, லியோன். பட்டியலை அகரவரிசையிலை எழுதி, அந்த வரிசையிலை கூப்பிட்டு அடிச்சவன். விசுவாசம் தப்பினதுக்குக் காரணம் அவர்ரை பேர் 'வி'யிலை தொடங்கினதுதான்."

வெளியில் சம்மாட்டி கத்தினார். "மாஸ்ரர் பன்ரண்டு மணி வள்ளத்திலை ஊர்காவற்றுறைக்குப் போட்டாராம்! ஏதோ பழைய காட்டைத் திருப்பிக் குடுக்கவேணுமாம்!"

நூல்நிலையத்தில் இரண்டு பெண்கள் தனியே இருந்தார்கள்.

*

சம்மாட்டியின் வள்ளம் வேகம் கூடியது; அதை அவரே ஒற்றைக் கையால் ஓட்டினார். அலையில் வள்ளம் எகிறி எகிறி விழுந்தது. லியோனுக்கு வாந்தி எடுக்கவும் நேரம் இல்லை.

"முதலிலை அன்னபூரணத்தைத்தான் அடிப்பான்," என்றார் குகநாதன்.

"ஏன்?"

"அவ 'அ'."

லியோன் வள்ளத்தின் விளிம்பை இறுக்கிப் பிடித்தான். "அப்ப உங்களுக்குப் பிறகுதான் என்ரை முறை, அண்ணை," என்றான். ஆனால் அவன் சிரிக்கவில்லை.

*

பகல் ஒரு மணி. நூல்நிலையத்தில் வாசகர் யாரும் இல்லை.

வாமதேவன் மாஸ்ரர் உள்ளே வந்து, செருப்பை நேராகக் கழற்றி வைத்தார். அவர் கக்கத்தில் பத்திரிகைத் தாளால் சுற்றிய நீளமான ஏதோ ஒன்று இருந்தது.

"வாங்கோ, மாஸ்ரர்," என்று எழுந்தாள் அன்னபூரணம். ஏழு வாசிகசாலைகளிலும் சிறந்தது அவருடையது என்று கூட்டங்களில் சொல்பவள் அவள். "நீங்களே வந்திட்டியளே. துப்பறியிற ஆக்கள் உங்களிட்டைத்தான் வந்தவை."

"கண்டனான். எல்லாம் சொல்லி விட்டனான்." அவர் பழைய அட்டையை மேசையில் வைத்தார். "முறைப்படி திருப்பித் தரவேணுமெல்லே. இது ஆர், இந்தப் பிள்ளை?"

"இவதான், மாஸ்ரர், அந்தப் புத்தகத்தை எழுதினவ."

மாஸ்ரர் தலையை ஆட்டினார். திரும்பிப் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார். பத்திரிகைத் தாளைப் பிரித்து, அதை நான்காக மடித்து மேசையில் வைத்தார். கையில் பாதியில் தறித்த துடுப்பு.

"அன்னபூரணம்," என்றார், வகுப்பில் இடாப்புப் பார்த்துப் பெயர் கூப்பிடும் குரலில்.

அவள் "ஓம்" என்று நிமிர்ந்தபோது துடுப்பு இறங்கியது. தேங்காய் விழுந்த சத்தம்.

ஞானசவுந்தரி அந்தச் சத்தத்தை முன்பின் கேட்டதில்லை. ஆனால் அதை எழுதியவள் அவள்தான். பெயர், பிறகு சத்தம். பெயர், பிறகு சத்தம். விசுவாசம் சாகும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அடுத்த பெயர் எது என்று அவளுக்குத் தெரியும். பெயருக்கும் அடிக்கும் இடையில் ஒரு மூச்சு நேரம் இருக்கும் என்பதும் தெரியும்.

அட்டைப் பெட்டி அவள் பக்கத்தில் திறந்தபடி இருந்தது. கம்பி திரும்பக் கோத்திருந்தது; காலையில் அன்னபூரணம் கழற்றிய திருகாணி மட்டும் இன்னும் மேசையில் கிடந்தது.

"ஞானசவுந்தரி."

அவள் கம்பியை உருவினாள். நூற்றுக்கணக்கான அட்டைகள் சரிந்து தரையெல்லாம் பறந்தன. ஒரு கணம், ஒரே ஒரு கணம், மாஸ்ரரின் கண்கள் அவளை விட்டு அந்த அட்டைகளின் பின்னால் போயின. அவள் முழுப் பலத்தோடும் குத்தினாள். கம்பி அவருடைய வலது உள்ளங்கைக்குள் புகுந்து, துடுப்புக் கட்டையில் தைத்து நின்றது.

அவர் அலறினார். இடது கையால் அவள் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அறைந்தார். அவள் கால்கள் தரையை விட்டு எழும்பின. அறை கறுத்தது. தூரத்தில் எங்கோ கதவு வெடித்தது.

லியோன் முதலில் பாய்ந்தான். கம்பியோடு சேர்ந்து சுழன்ற துடுப்பு அவன் தோளில் பட்டு எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. விழுந்த இடத்திலிருந்தே மாஸ்ரரின் காலைக் கடித்தான். குகநாதன் கதிரையைத் தூக்கி முதுகில் அடித்தார். ஞானசவுந்தரி நழுவி விழுந்தாள். பின்னால் வந்த சம்மாட்டி ஒன்றும் பேசவில்லை. ஒற்றை விரல் கையை மாஸ்ரரின் தாடைக்குக் கீழே கொடுத்து நெரித்தார். ஒன்பது வருடத்துக்கு முன் தொலைந்த, அம்மாவின் பெயரைச் சுமந்த அந்த வள்ளத்துக்காக நெரித்தார்.

"விடும், சம்மாட்டி! விடும்! பொலிசிட்டை இவன் உயிரோடை போகவேணும்!"

விடுவிக்க இரண்டு பேரின் பலம் வேண்டியிருந்தது.

மாஸ்ரர் தரையில் கிடந்தார். கண்ணாடி உடைந்திருந்தது. சிதறிய அட்டைகளின்மேல் அவருடைய இரத்தம் சொட்டியது. அவர் இடது கை தன்பாட்டில் இரண்டு அட்டைகளை எடுத்து ஓரம் நேர்ப்படுத்தியது.

"ஆறு பேரோடை ஏழாவதாக் கிழவனையும் கொலை செய்தனீர்," என்றார் குகநாதன். "எழுதத் தெரியாத மனிசன்."

"வரிசை பிழைச்சுப் போச்சு," என்றார் மாஸ்ரர், வருத்தத்தோடு. "'யா'வுக்கு முன்னம் 'ஞா' வந்திருக்கவேணும். அவ பிழையா அடிச்சு அனுப்பிப்போட்டா."

லியோன் முறிந்த தோளைப் பிடித்துக்கொண்டே அவர் முகத்தில் காறித் துப்பினான். அன்றைக்கு அவன் பகிடி விடாத இடம் அது ஒன்றுதான்.

*

அன்னபூரணம் சாகவில்லை. கொண்டைக்குள் அவள் செருகியிருந்த தடித்த ஆமையோட்டுச் சீப்பு இரண்டாக உடைந்திருந்தது. பதினோராம் நாள், தலையைச் சுற்றிக் கட்டோடு, டாக்குத்தர் வேண்டாம் என்று சொல்லியும் நூல்நிலையத்துக்கு வந்தாள்.

குகநாதனும் லியோனும் ஞானசவுந்தரியும் தரையில் குந்தியிருந்து அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். லியோன் ஒற்றைக் கையால்.

"அக்கா, 'கொ'வுக்குப் பிறகு 'கூ'வோ?"

"தள்ளி இரும், தம்பி. நீர் தொட்டதையெல்லாம் நான் பேந்து திருப்பி அடுக்கவேணும்." அவள் கதிரையில் மெல்ல இருந்தாள். "புத்தகத்தின்ரை காட்டும் மாறும். நூற்று நாற்பத்திநாலு பக்கம் எண்டு இனிப் போட ஏலாது. அடிச்சவன்ரை பேர் தெரிஞ்சிட்டுது. பிள்ளை இன்னொரு அத்தியாயம் எழுதவேணும்."

"எழுதுறன்," என்றாள் ஞானசவுந்தரி. கழுத்தில் ஐந்து விரலின் தடம் இன்னும் மஞ்சளாக இருந்தது. அவள் கையில் ஓர் அட்டை. எழுவைதீவுக்குப் போய்த் திரும்பி வந்த பழைய அட்டை. ஓரத்தில் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. "அக்கா, இதை என்ன செய்யிறது?"

"பிழைக் காட்டைக் கிழிக்கவேணும். அதுதான் முறை."

ஞானசவுந்தரி கிழிக்கவில்லை. அதை வாசித்துக்கொண்டே இருந்தாள். பெருவிரலைத் தவிர வேறெதையும் கடதாசியில் பதிக்காத மனிதரின் பெயர், தட்டச்சில், ஒரு புத்தகத்துக்கு மேலே நின்றது.

"கடலிலையிருந்து ஆளைத் தூக்கினது அப்பு," என்றாள். "நான் கேட்டு எழுதினது மட்டும்தான்."

குகநாதன் சன்னலுக்கு வெளியே பார்த்தார்.

அன்னபூரணம் கையை நீட்டி அந்த அட்டையை வாங்கினாள். தட்டச்சுப்பொறியில் செருகினாள். எழுத்தாளர் பெயருக்குக் கீழே, வலிக்கும் தலையைக் குனிந்து, மூன்று சொல்லை மெதுவாகத் தட்டினாள். பிறகு ஒரு கையால் அட்டைகளை நெருக்கிப் பிடித்து, மறு கையால் கம்பியைச் செலுத்தி, 'யா' வரிசையில் அதைக் கோத்துத் திருகாணியை இறுக்கினாள்.

யாக்கோப்பு. ஞானசவுந்தரியையும் சேர்த்துப் பார்க்க.